வீடு மாறி அழுத கதை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். செஞ்சிக் கோட்டையில் குதிரை ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் சத்தியம் பண்ணுவார்கள். கோட்டைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு கழுதை கத்தியதுகூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன் என்றால் பாருங்கள். அதுவும் ராத்திரி இல்லை, பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது.

எண்பதுகளில் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தேன். கூட வேலை பார்த்த சரோஜாவின் மாமியார் தவறிவிட்டார். அவள் ஊர் வல்லத்துக்கு அந்தப் பக்கம், நான் அதற்குமுன் போனதில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது, பட்டினி கிடப்பாளே என்று ஓட்டலில் இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கியதும் யாரிடமும் வழி கேட்கவில்லை. தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது, நேரே உள்ளே போய்விட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பெண்கள் துக்கத்துக்குப் போனால் முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும், விசாரிப்பதெல்லாம் பிறகுதான். உள்ளே ஓர் அம்மா தலைமுடி அவிழ்ந்து சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தார். சரோஜாவின் நாத்தனாராக இருக்கும் என்று நானும் கட்டிக்கொண்டு அழுதேன். அவரோ மாமியாரைப் பற்றிப் பேசவே இல்லை, புருஷனைச் சொல்லி அழுகிறார். வீடு மாறிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவரிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? சரி, யாராக இருந்தால் என்ன, துக்கம் துக்கம்தானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவலூர்பேட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டையைப் போட்டுவிட்டு வந்த புருஷன், வாசலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மாவுக்கு மூச்சே நின்றுவிடும் போல இருந்தது.

"பானை பக்கத்துலயே இருக்குது, மொண்டு குடிக்கக் கூடாதான்னு உள்ள இருந்தே கத்திட்டேன் தங்கச்சி. வந்து பாத்தா போயிட்டிருக்காரு. ஒரு வாய் தண்ணி குடுக்காத பாவியாயிட்டேன்."

அந்த நேரத்தில் என் வாயில் அந்தப் பேச்சு எப்படி வந்ததோ தெரியாது. சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை.

"பானை பக்கத்துல இருக்கச்சொல்ல உன்னக் கூப்ட்டாருன்னா, தண்ணிக்கா கூப்ட்டாரு? உன் மூஞ்சியப் பாக்கணும்னு கூப்ட்டிருக்காருக்கா. உன் கொரலக் கேட்டுக்கினேதான் போயிருக்காரு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு பெரிய அழுகை, அதுவரை அழுததெல்லாம் அழுகையே இல்லை என்கிற மாதிரி. அடங்கியதும் பொட்டலத்தைப் பிரித்து இட்லியைப் பிட்டு ஊட்டினேன். ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதே, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

சரோஜா வீடு அடுத்த தெருவில் இருந்தது. அவளோடு அழுது முடித்து, உங்கள் ஊரில் ஒரே நேரத்தில் ரெண்டு சாவா, டேங்குப் பக்கத்து வீட்டு அம்மா பாவம், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்றேன். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், நல்ல கட்டுமஸ்தான ஆள், எழுந்து வந்தார்.

"அது எங்க வூடுதாம்மா. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பந்தலே சிரித்தது. துக்க வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. ஏழுமலை என்று பேராம், என்னைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். நம்பினால் நம்புங்கள், அதே அம்மா, குப்பம்மா, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையும் நெற்றி நிறையப் பொட்டுமாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். யாருய்யா இந்தப் பொண்ணு என்று கேட்டார். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இட்லி சாப்பிட்ட இலை அங்கே இல்லை. என் பையிலும் பொட்டலம் இல்லை. வெயில் அடித்துவிட்டது என்று சரோஜா எனக்கு மோர் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். உயிரோடு சிரித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் நான் கேட்ட கதையை எப்படிச் சொல்ல முடியும்? கிளம்பும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று மட்டும் சொன்னேன். கல்லு மாதிரி இருக்கிறேன் என்று மாரைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த வருஷம் கடலை சீசனில் சரோஜா வேலைக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள், ஏழுமலை போய்விட்டாராம். அவலூர்பேட்டையில் மூட்டை போட்டுவிட்டு வந்து தண்ணீர் கேட்டாராம். என் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் பேய்மேல் இல்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை என்று அந்தப் பொம்பளை நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவாளே, இப்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் அடித்துக்கொண்டது. அன்றைக்குக் கடையில் கல்யாண ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன, நகர முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடினேன்.

வீடு நிறையப் பெண்கள். நடுவில் குப்பம்மா, அதே சுவர், அதே அவிழ்ந்த தலை. நான் வாசற்படியிலேயே நிற்கிறேன், அவர் நிமிர்ந்து பார்த்து, ரொம்ப நாள் பழகினவளைப் போல, வா தங்கச்சி என்றார். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டினார்.

"நேத்து நீ சொன்னப்புறந்தான் எனக்கு உயிரே வந்துச்சி. என் மூஞ்சியப் பாக்கத்தான் கூப்ட்டாரு, இல்ல?"

நேற்று நான் கடையை விட்டு நகரவே இல்லை. ஜாக்கெட்டுக்குக் காத்துக்கிடந்த அத்தனை பேரும் சாட்சி. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த மத்தியானத்தில் யாரோ வந்து போனதாகவும், திரும்பி வந்து பார்த்தால் இட்லி கட்டின இலை கிடந்ததாகவும் ஒரு பெண் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அதே சமயம் அந்த அம்மா தேறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம். ஆமாங்கக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன சொல்வது?

போன வருஷத்து மத்தியானம் ஒன்று இடம் மாறி இந்த வருஷத்தில் வந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பல வருஷம் கழித்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் குப்பம்மா என்னைப் பிடித்துக்கொண்டு மருமகளிடம் சொன்னார்.

"கூடப் பொறந்தவங்களே மூணாம் நாளோட பூட்டாங்க. காரியம் முடியற வரிக்கும் தெனம் மத்தியானம் வந்து என்னாண்ட குந்திக்கினு இருந்தவ இவதாண்டி. இவ இல்லன்னா நான் அவரு பின்னாலயே போயிருப்பேன்."

நான் அந்த வீட்டுக்குப் போனது, வீடு மாறிப் போன அன்றையும் சேர்த்து, ரெண்டே நாள்தான். சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எனக்கு வயசாகிவிட்டது, சாவுக்குப் போவதே வேலையாகிவிட்டது. ஆனால் துக்க வீட்டு வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் மனசு ஒரு நிமிஷம் திக்கென்று நிற்கும். குப்பம்மா சொன்ன அந்த மிச்ச மத்தியானங்களுக்கு நான் இனிமேல்தான் போக வேண்டியிருக்கிறதோ என்னவோ.