போர் போடும் அப்பா

அதை முதலில் சொன்னது என் மகள்தான். "எங்கப்பா போர் போடுறார்." திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பில் போர் என்றால் தண்ணீருக்குத்தான். என் கணவர் தோண்டப் போவது எண்ணெய்க் கிணறு. ராமநாதபுரம் பக்கம் ஒரு புது இடத்தில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் கிணறு, எண்ணெய் வருமா என்றே தெரியாது. மகள் சொன்னதை நான் திருத்தவில்லை.

திருத்தியிருக்கலாம். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். என் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை பார்த்துக்கொள்பவள் அவள்தான். அவள் அப்பாவுக்கு மிளகாய்க் கொல்லை. "கொல்லைக்குப் பக்கத்துல எண்ணெய் எடுக்கப் போறாகளாம்க்கா. மண்ணு கெட்டுப்போகும்னு அப்பா தூங்கவே மாட்டேங்குறாரு" என்றாள் ஒரு நாள்.

"அதெல்லாம் பாத்துதான் செய்வாங்க" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? என் கணவர் சொன்னதை வைத்து. அவள் நிம்மதியாகி, ஊரிலிருந்து வந்த மிளகாய் வற்றலில் ஒரு பை கொடுத்தனுப்பினாள்.

இந்த வருஷம் பங்குனியிலேயே எங்கள் போர் வற்றியது. புதிதாகப் போட லாரி வந்தது. விடுப்பில் வந்திருந்த என் கணவரை அவளே கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க வந்து இடம் பாத்துச் சொல்லுங்க. நம்ம வீட்லயே ஆளு இருக்கையில வெளியாளு எதுக்கு?"

லாரிக்காரர் சிரித்தார். "சார் நம்ம லைன்தானா? உங்க வண்டி எத்தினி அடி போவும்?"

"கிலோமீட்டர் கணக்குல போகும்ணே."

"இன்னா சார் சொல்றே? அவ்ளோ ஆழத்துலயா தண்ணி கீது?"

"தண்ணி இல்லண்ணே, எண்ணெய்." அவருக்கு மறைக்க எதுவும் இல்லை. ராமநாதபுரம் என்றார், ஊர்ப் பெயரையும் சொன்னார். அவளுடைய அப்பாவின் ஊர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியும் என்பதா, அந்த ஊர்தான் என்று தெரியாது என்பதா? இரண்டுமே உண்மை மாதிரிதான் இருந்தது. நான் யோசிப்பதற்குள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா போன்ல அப்பா அனுப்புன போட்டோவே இருக்கு ஆன்ட்டி! மிளகாச் செடியெல்லாம் தெரியும்!"

லாரியின் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பேச்சே கேட்காத சத்தம். சேறு தெறிக்காமல் என் மகளைத் தன்பக்கம் இழுத்து, அவளுடைய இரண்டு காதுகளையும் பொத்தினாள் அவள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி எப்படி அவளிடம் குழந்தையை விடுவது என்று, மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள், எப்போதும்போல என் மகளுக்குத் தண்ணீர் பாட்டிலோடு.