வெள்ளைக் கல்லுக்குக் கீழே மானாப்புல்

செவ்வாய்க்கிழமை, காலை 5.45. கொழும்பு, புறக்கோட்டை.

இரத்தினபுரி பஸ்ஸில் சன்னலோரத்தில் இடம் கிடைத்தது. டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய், தூரம் நூற்றொரு கிலோமீட்டர். மடியில் சுருட்டிய வரைபடம், காலடியில் படிவங்கள் நிறைந்த பை. 2001 ஆகஸ்ட் மாதம். கொழும்பில் மழை தூறிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்தபடி தீயைத் தேடிப் போகிறேன் என்று சொன்னால் யாராயிருந்தாலும் சிரிப்பார்கள், நானே சிரித்துக்கொண்டேன்.

என் வேலை இதுதான். எங்கள் அலுவலகச் சுவரில் இலங்கை வரைபடம் ஒன்று ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. காடோ புல்மலையோ தீப்பிடித்த இடத்தில் சிவப்பு ஊசி குத்த வேண்டும். அணைப்பதற்குத் தண்ணீரோ கருவியோ ஆட்களோ இருக்கும் இடத்தில் நீல ஊசி. சிவப்பு ஊசி அடிக்கடி தீர்ந்துபோகும். நீல ஊசி வாங்கிய பெட்டியிலேயே கிடக்கிறது. பதினொரு வருடமாக ஊசி குத்துகிறவள் நான். அந்த இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நான்தான்.

சப்ரகமுவ மாகாணத்தில் கேகாலைப் பக்கத்தைப் பெப்ரவரியில், ரப்பர் இலை உதிரும் காலத்திலேயே முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது கஹவத்தையும் பலாங்கொடையும். பலாங்கொடைக்கு மேலே கிளென்ஹர்ஸ்ட் என்ற தேயிலைத் தோட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே மாதத்தில், ஒரே சரிவில் தீ. அவர்கள் அனுப்பிய படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில் 'தெரியாது'. போன வருடம் தோட்டத்துக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். இந்த வருடம் அங்கே தீயே இல்லை. என் கடிதம் வேலை செய்துவிட்டது என்று உள்ளூரப் பெருமை.

சொந்த அலுவல் ஒன்றும் உண்டு. இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வெள்ளைக்கல் தோட்டம் எங்கே என்று விசாரிப்பேன். நான் பிறந்த தோட்டம் அது. எனக்கு ஏழு வயதில் அம்மா அங்கே இறந்தார். பொம்பளைப் பிள்ளை இடுகாட்டுக்கு வரக் கூடாது என்று என்னை லயத்தில், எங்கள் வரிசை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் அப்பா என்னைக் கொழும்புக்குக் கூட்டி வந்துவிட்டார். அம்மாவைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. ஒருமுறை மட்டும் கேட்டேன், எங்கே புதைத்தீர்கள் என்று. "வெள்ளைக் கல்லுக்குக் கீழே, சவுக்கு மரத்துல இருந்து மூணாவது" என்றார். ஊர் எதுவென்று கேட்டதற்கு, இரத்தினபுரிக்கு அந்தப் பக்கம் என்று கையை வீசினார். அப்பாவும் போய்விட்டார். வெள்ளைக்கல் என்று ஒரு தோட்டம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

காலை 9.10. இரத்தினபுரி.

நகருக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் நாடு முழுவதும் சிவப்புப் புள்ளி வைத்த வரைபடம். இந்தப் போர்க்காலத்தில் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொலிஸ்காரர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாம் மலைத் தீ என்று சிங்களத்தில் விளக்கினேன். அலுவலகக் கடிதத்தையும் காட்டினேன். அவர் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினார். பிறகு, தன் ஊர் பெலிஹுல்ஓயா என்றும், போன வாரம் அங்கே மலை எரிந்ததாகவும், அதற்குப் புள்ளி இல்லையே என்றும் குறைபட்டுக்கொண்டார். பென்சிலை எடுத்து அங்கேயே வைத்துக் கொடுத்தேன். திருப்தியாகச் சுருட்டித் தந்தார்.

பிற்பகல் 2.00. கஹவத்தை.

பெல்மதுளையில் பஸ் மாறிக் கஹவத்தை போய்ச் சேர்ந்தேன். ஒரு ரப்பர் தோட்டம். தீயணைக்கும் கருவிகள் என்னென்ன என்று கேட்டதும், தொழிற்சாலை வாசலில் வரிசையாகத் தொங்கிய சிவப்பு வாளிகளைப் பெருமையோடு காட்டினார்கள். மணல் நிரப்பிய வாளிகள். எட்டிப் பார்த்தேன், மணலை மூடி வெற்றிலை எச்சில். படிவத்தில் 'வாளி ஆறு' என்று எழுதினேன். எச்சிலுக்குக் கட்டம் இல்லை. மாலை பஸ்ஸில் பலாங்கொடை போய் ஒரு விடுதியில் தங்கினேன்.

புதன்கிழமை, காலை 7.30. பலாங்கொடை.

இங்கே மழை இல்லை. கச்சான் காற்று, மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வரும் வறண்ட காற்று, புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கடையில் இரண்டு ரொட்டி, சம்பல், பால்தேநீர். முப்பது ரூபாய். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே நின்ற திரீவீலர்காரரிடம் கிளென்ஹர்ஸ்ட் போக வேண்டும் என்றேன். தலையில் தொப்பி, ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்போம்.

"கிளென்ஹர்ஸ்ட்டா?" என்று யோசித்தார். "ஓ, வெள்ளக்கல்லா? அப்பிடிச் சொல்லுங்களேன் மிஸ். அந்த இங்கிலீஸ் பேர் இங்க ஆருக்குத் தெரியும்?"

நான் ஏறி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொன்னீங்க நானா?"

"வெள்ளக்கல்லு. மலைல பெரிய கல்லொண்டு ஈக்குது, சுண்ணாம்பு பூசின மாதிரி. தோட்டத்து ஆக்கள் அப்பிடித்தான் சொல்ற. ஏறுங்க மிஸ், காத்து பேய்க் காத்து."

எந்தத் தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. துரைமார் வைத்தது ஒன்று, வேலை செய்கிறவர்கள் வைத்தது ஒன்று. லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் பதினொரு வருடம் பட்டியலில் ஒன்றைத் தேடினேன், மூன்று வருடமாகச் சுவரில் மற்றொன்றில் ஊசி குத்தினேன். வழியெல்லாம் பதினான்கு கிலோமீட்டரும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கடைசி வளைவில் நானா கையை நீட்டினார். நீல மலை, அதன் தோளில் வெள்ளைக் கல். எனக்கு அழுகை வந்தது. அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

காலை 9.00. தோட்ட அலுவலகம்.

சின்னத்துரை, அதாவது உதவி நிர்வாகி, முப்பது வயதுச் சிங்கள இளைஞர், தமிழ் நன்றாகப் பேசினார். அறிவித்தல் பலகையில் என் கடிதம் குத்தியிருந்தது. கீழே என் கையெழுத்து. "இதக் காட்டித்தான் பெரிய தொர ஓடர் போட்டாரு. அந்தச் சரிவுல யாராவது நெருப்பு வச்சா பொலிஸ்ல குடுக்கிறதுன்னு. பாருங்க, இந்த வருசம் ஒண்ணுமில்ல" என்றார். பாராட்டுதான். நான் நன்றி என்றேன்.

கருவிகளைப் பார்த்தோம். முதுகில் மாட்டிப் புல்லுக்கு மருந்து அடிக்கும் தாங்கிகள் நான்கு, அதில் இரண்டு ஒழுகின. தண்ணீர்த் தொட்டியில் கணுக்கால் அளவு. அந்தச் சரிவைப் பார்க்க வேண்டும் என்றேன். வழிகாட்டக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஒரு பெண்ணை வரச் சொன்னார். பெயர் செல்வமணி. என் வயதுதான், முப்பத்தெட்டு இருக்கும்.

காலை 10.30. சரிவு.

தேயிலை முடிந்த இடத்தில் மானாப்புல் தொடங்கியது. என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம், காய்ந்து வைக்கோல் நிறம். காற்றில் அது போட்ட இரைச்சலில் பேசுவது கேட்கவில்லை. அதற்கு மேலே, மிகக் கிட்டத்தில், வெள்ளைக் கல். இடையில் ஒரு மொட்டைச் சவுக்கு மரம்.

"இதுதாங்க மிஸ் எடம்" என்றாள் செல்வமணி. "இடுகாடு."

புல்லின் ஓரத்தில், தரையில், அகல் விளக்குகள் வரிசையாக இருந்தன. முப்பதுக்கு மேல் இருக்கும். குனிந்து பார்த்தேன். எண்ணெய் வற்றியிருந்தது. ஒரு திரிகூடக் கருகவில்லை.

"கொளுத்தலியா?"

"எப்பிடிங்க? நெருப்புப் பெட்டியோட வந்தாலே காவக்காரர் புடிச்சிருவாரு. ஆடி அமாவாசைக்குச் சும்மா வச்சிட்டுப் போனோம்."

பிறகு எல்லாம் சொன்னாள். அடக்கத்துக்குப் பெண்கள் வருவதில்லை, ஆடி அமாவாசை ஒரு நாள்தான் வரலாம். வருடம் முழுக்கப் புல் வளர்ந்து மேடெல்லாம் மூடிவிடும். வெட்ட நிர்வாகம் ஆள் தராது. அதனால் அமாவாசைக்கு நான்கு நாள் முந்தி, காற்று இல்லாத காலையில், யாராவது ஒரு குச்சியைக் கிழித்துப் போடுவார்கள். புல் எரிந்ததும் ஒவ்வொரு மேடாகத் தெரியும். சாம்பலைக் கூட்டிவிட்டு விளக்கு வைப்பார்கள். போன வருடம் மட்டும் கை தவறி இரண்டு வரிசைத் தேயிலை கருகியது.

"யாரோ கொழும்புல இருந்து கடுதாசி போட்டாங்களாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றேன். வாய்க்கு வந்த மற்றதையும் சொல்லிவிட்டேன். அம்மாவின் பெயர் பழனியம்மா, பத்துக் காம்பரா லயம், சவுக்கு மரத்திலிருந்து மூன்றாவது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "வசந்தாவா? நம்ம ஒரே பள்ளிக்கூடம்தானே புள்ள. மூக்கு ஒழுகிக்கிட்டே இருப்பியே." சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம் பொண்ணும் இங்கதான் இருக்கா. காச்சல்ல போயிட்டா, நாலு வருசமாச்சு. கல்லுக்கு நேரா கீழ."

நான் புல்லுக்குள் ஒரு அடி வைத்தேன். பின்னால் இழுத்தாள். "வேணாம் புள்ள. எது மேடு எது பள்ளம்னு தெரியாது. ஒங்கம்மாவையே மிதிச்சிருவ."

முப்பது அடி இருக்கும். அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் கழித்து வந்து, முப்பது அடி போக முடியவில்லை. அம்மாவின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த மேட்டையாவது ஒருமுறை கையால் தொட வேண்டும் என்று உடம்பே ஏங்கியது.

"நீ சொன்னா தொர கேப்பாரு" என்றாள் செல்வமணி. "ஒரு நெருப்புக் குச்சி போதும். நாங்க எல்லாரும் பச்சக் கொழய ஒடிச்சு வச்சு அடிச்சு அணைச்சிர மாட்டமா?"

பிற்பகல் 1.15.

சின்னத்துரையைச் சரிவுக்கு வரவழைத்துச் சொன்னேன். அவர் தயங்கவில்லை. "நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க மிஸ். பாதுகாப்பா எரிக்கலாம்னு. இன்னைக்கே இருபது பேர நிறுத்துறேன். பொறுப்பு ஒங்களுது."

பேனாவைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதிவிடத்தான் திறந்தேன். பழக்க தோஷம், எழுதுமுன் ஒரு பிடி காய்ந்த புல்லை எடுத்து மேலே விட்டுப் பார்த்தேன். அது தரையைத் தொடவே இல்லை. சரிவோடு கீழே பறந்து தேயிலையைத் தாண்டி லயத்துக் கூரைப் பக்கம் போனது. இங்கிருந்து லயம் இருநூறு யார் தூரம்தான். வேலைக்குப் போனவர்களின் குழந்தைகள் பிள்ளைக்காம்பராவில் தூங்கும் நேரம். ஒழுகாத தாங்கி இரண்டு, தொட்டியில் கணுக்கால் தண்ணீர்.

செல்வமணி கொஞ்சம் தள்ளி நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'காற்று அடங்கும்வரை எரிக்கக் கூடாது' என்று எழுதினேன். அதன் கீழே, தேவையான வளங்கள் என்ற கட்டத்தில், 'ஆடி அமாவாசைக்கு முன் இடுகாட்டுப் புல் வெட்ட இருபது பேர், இரண்டு நாள், ஒவ்வொரு வருடமும்' என்று எழுதினேன். பம்பும் குழாயும் கேட்க வேண்டிய கட்டம் அது. சின்னத்துரை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கொழுந்துக்கே ஆள் பத்தாது மிஸ். அனுப்பிப் பார்க்கிறேன்."

காற்று எப்போது அடங்கும் என்று கேட்டேன். இந்த வருடம் விடியற்காலையில்கூடக் காற்று விடவில்லை, புரட்டாசி ஆகும் என்றார்கள்.

செல்வமணியிடம் போய்ச் சொன்னேன். அவள் சரிவைப் பார்த்தாள், பிறகு கூடையை எடுத்துத் தலையில் மாட்டினாள்.

"சரிங்க மிஸ்" என்றாள்.

காலையில் புள்ள என்றவள். அந்த மிஸ்ஸை என்னால் தாங்க முடியவில்லை.

மாலை 4.10. தோட்டத்துச் சந்தி.

பலாங்கொடைக்கு இறங்கும் கடைசி பஸ்ஸுக்காக நின்றேன். கொழுந்து நிறுவை முடிந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். செல்வமணி அதிலிருந்து பிரிந்து என்னிடம் வந்தாள். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தாள். ஓர் அகல் விளக்கு, திரியோடு.

"கொழும்புல கொளுத்து புள்ள" என்றாள். "அங்க புல்லு இல்லதானே. ஏம் பொண்ணுக்கும் சேத்துக் கொளுத்து. பேரு கவிதா."

பஸ் வந்துவிட்டது. விளக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கொழும்பில் என் வீடு இரண்டாம் மாடியில் ஓர் அறை. சுற்றிலும் சிமெந்து. ஒரு செம்பருத்தித் தொட்டி வைக்கக்கூட இடம் இல்லையே என்று அடிக்கடி குறைபட்டிருக்கிறேன். விளக்கை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சன்னல் கட்டையில் வைக்கலாம். காற்று வராது.

வளைவுகளில் வெள்ளைக் கல் மறைந்து மறைந்து தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து திரும்பிப் பார்த்தேன். என்ன தேடுகிறேன் என்று கடைசி வளைவில்தான் எனக்கே புரிந்தது. பதினொரு வருடமாக எந்த மலையைப் பார்த்தாலும் புகை இருக்கக் கூடாது என்று பார்க்கிறவள் நான். அன்றைக்கு அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு நூல் புகையாவது எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கல் மறைந்தது. புகை இல்லை.