பொய் சொன்ன முட்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் புதுக் காரில் என்னை வீட்டில் விட வந்தார். ஜாதவ்பூர் தாண்டும்போது திரையில் ஏதோ மின்னியது. பெட்ரோல் குறைவாம். மறுபேச்சில்லாமல் பங்குக்குத் திருப்பினார். "வண்டியே சொல்லுதே, அப்புறம் என்ன?" என்றார். கண்ணாடியை இறக்கியதும் பெட்ரோல் வாசனை உள்ளே வந்தது. கூடவே அம்மாவும் வந்துவிட்டாள். மற்றவர்களுக்கு அம்மா என்றால் தாளிக்கிற வாசனை. எனக்கு இது.

நாங்கள் கார்டன் ரீச்சில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய காரை வாங்கினார். அதற்கு அப்போதே என் வயது இருக்கும். ஆசையாக ஓட்டிக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. உடற்பயிற்சி சிகிச்சைக்கு அவரை ஜாதவ்பூர் வரை கூட்டிப்போக வேண்டும். டாக்சிக்காரர்கள் அவரைத் தூக்கி ஏற்றுவதைப் பார்த்ததுமே கிளம்பிவிடுவார்கள். அதனால் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நானும் கற்றேன் என்றுதான் பெயர். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் டிராம்கூடத் தண்டவாளத்தை விட்டு ஒதுங்கும் என்பார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு உயிர்மேல் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

அந்தக் காரில் இரண்டு முட்கள் சரியில்லை. பெட்ரோல் முள் எப்போதும் பாதிக்கு மேலேயே நிற்கும். அதை நம்பி ஒருநாள் நடுரோட்டில் நின்றோம். வெப்பம் காட்டும் முள்ளோ கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். அம்மா பதறி ஓரங்கட்டுவாள். பின்சீட்டில் அப்பா வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிடர்பூர் மெக்கானிக் இஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல், "தீதி, பெச்சே தின்" என்றார். விற்றுவிடுங்கள் அக்கா என்கிறார். அம்மாவின் அண்ணன், என் மாமா, அதற்குள் வாங்க ஆளே பார்த்துவிட்டார். பொம்பளை ஓட்டுகிற வண்டியா இது, நோயாளியை வைத்துக்கொண்டு விளையாட்டா என்று ஒரு மணிநேரம் பேசினார். கடைசியாக, "வண்டியே சிவப்பு காட்டிச் சொல்லுதுல்லா, உன்னால ஆகாதுன்னு" என்றார்.

"அது பொய் சொல்லுது அண்ணே," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழம வாங்க. அன்னைக்கும் சிவப்பு காட்டுனா வித்துருதேன்."

மறுநாள் காலையில் ரசம் வைக்கிற பாத்திரத்தோடு கார் ஷெட்டுக்குப் போனாள். இஞ்சினில் சூட்டை அளக்கும் பித்தளைத் திருகைக் கழற்றச் சொன்னாள். அதற்கு மட்டும் நான் உதவினேன். ஒயரை நீட்டி வெதுவெதுப்பான நீரில் அதை முக்கியதும் முள் ஒரே தாவாகச் சிவப்புக்குப் போனது. கை விட்டால் சுடாத தண்ணீர்! அம்மா சிரித்தாள். கொதிப்பது இஞ்சின் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

பிறகு இரண்டு முட்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "ரெண்டும் கூட்டித்தான் சொல்லுது, கொறச்சு ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரு ஒரே பொய்யச் சொன்னா, சொல்லிக்குடுத்தவன் ஒருத்தன் இருப்பான்டா."

இருந்தான். மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. இரண்டுக்கும் மின்சாரத்தை அளந்து அனுப்புவது அதுதான். அதைக் காரின் உடம்போடு பிணைத்திருந்த திருகின் அடியில் ஒரே துரு. எர்த் கிடைக்காமல் அளவில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து இறுக்கினாள். மறுபடி சோதித்தோம். வெந்நீருக்கு முள் நடுவுக்கு வந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது சிவப்புக்குச் சற்று முன்னால் நின்றது. டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தோம். பெட்ரோல் முள்ளும் உண்மை பேசியது.

ஞாயிற்றுக்கிழமை மாமா முன்சீட்டில் ஏறினார்; அப்பாவும் நானும் பின்னால். கிடர்பூரில் கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். முன்னும் பின்னும் லாரிகள், மே மாத வெயில். முள் மெல்ல ஏறியது. மாமா அதையே பார்த்தார். இஞ்சினை அணைத்துவிடு என்றார். அம்மா அணைக்கவில்லை. அவள் கழுத்தில் வியர்வை வழிந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். முள் சிவப்புக்குக் கீழே வந்து நின்றது. நின்றேவிட்டது. பாலம் இறங்கியதும் அப்பா குழறும் வாயால், "போ" என்றார். நோய்க்குப் பிறகு அவர் இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா போனாள்.

அதன்பின் பல வருஷம் அவள்தான் அப்பாவைக் கூட்டிப்போனாள். அவர் கோலூன்றி நடந்ததையும், கடைசியில் படுத்ததையும் அந்தக் கார் பார்த்தது. அவர் போனதும், வண்டியை ஞாபகமாக வைத்துக்கொள் என்று மாமாவே கெஞ்சினார். அம்மா அந்த மாதமே விற்றாள்.

"அவருக்காக வச்சிருந்தேன் அண்ணே. நெனச்சுக்கிடுததுக்கு எனக்கு வண்டி எதுக்கு?"

இப்போது மாமா இல்லை. அம்மாவும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்து, அதன் வாசலில் நின்றால் எனக்குத் தெரியாத ஒரு காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.