ஹைட்ரஜன் வால்வும் முனிரத்தினம் அண்ணாவும்

முனிரத்தினம் அண்ணா போய்விட்டார். நேற்று, நகரியில், வீட்டிலேயே.

அவர் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "நைனா பூட்டாரு ஆன்ட்டி." நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மீட்டிங்கை முடித்தேன்... வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். இன்னும் அழுகை வரவில்லை.

தொண்ணூறுகளில் திருப்பதியில் நான் பிஎச்.டி. செய்த லேபில் அவர் டெக்னீஷியன். எங்களிடம் ஒரு காப்பர் வேப்பர் லேசர் இருந்தது. குழாய்க்குள் செம்பை ஆவியாக்கி, கூடவே நியான் வாயுவை விட்டு கரண்ட் பாய்ச்சினால் பச்சையும் மஞ்சளுமாக ஒளி வரும். சூடேறவே ஒன்றரை மணி நேரம்.

நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கரண்ட்காரனை அவர் தெலுங்கில் திட்டுவார். எனக்கு ஆறுதல் தமிழில். "போய் எதனா துன்னுட்டு வாம்மா, அது வரசொல்ல வரட்டும்."

சாயந்திரம் ஆனால், "நீ கெளம்பும்மா, பஸ்ஸு பூடும். வால்வ நான் பாத்துக்கறேன்."

அப்படிப் பார்த்துக்கொண்டவர்தான் ஒரு நாள் ஹைட்ரஜன் வால்வைச் சரியாக மூடவில்லை. குழாயைச் சுத்தம் செய்ய வைத்திருந்த ஹைட்ரஜன், நியானுக்குள் கசிந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து மெட்ராஸிலிருந்து வந்த நியான்... நான் கத்திவிட்டேன்.

அவர் சுவரைக் காட்டினார். "கத்தாதம்மா. அந்தப் பச்சயப் பாரு. நேத்து இப்பிடியா இருந்துச்சி?"

ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரும் ஏறியிருந்தது.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார். துளி ஹைட்ரஜன் விட்டால் பவர் ஏறும். ஆசைப்பட்டு இன்னும் விட்டால் விழும். அவர் வால்வை முடியளவு திருப்பி மீட்டரைப் படிப்பார், நான் எழுதிக்கொள்வேன். வெளிநாட்டில் முன்பே கண்டுபிடித்த விஷயம்தான். எங்கள் குழாயில் யாரும் செய்து பார்த்ததில்லை.

அந்த கிராஃப்தான் என் தீசிஸின் நாலாவது அத்தியாயம். அதை வைத்துத்தான் பேப்பர் வந்தது, அமெரிக்காவில் வேலை கிடைத்தது.

பேப்பரில் இரண்டு பெயர்கள். என் கைடு, நான். "டெக்னீஷியன் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லம்மா" என்றார் கைடு. எனக்கு விசா அவசரம். சரி சார் என்றேன்.

பிறகு லேபை மூடிவிட்டார்கள். அண்ணா சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் கேஸ் லைன் வேலைக்குப் போனார்.

போன வருடம் போன் செய்தார். "அந்த பேப்பரு ஒண்ணு அனுப்பும்மா. அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த நைனான்னு பொண்ணு கேட்டுக்கினே கீது."

அனுப்பறேன் அண்ணா என்றேன். அனுப்பவில்லை. அவர் பெயர் இல்லாததை எந்த முகத்தோடு அனுப்புவது?

இன்று காலை என் பழைய லேப் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை மகளுக்கு அனுப்பினேன். இங்கேயும் போட்டிருக்கிறேன். எண்கள் என் கையெழுத்து. பவர் விழ ஆரம்பிக்கும் இடத்தில், ஓரமாக, "இதுக்கு மேல வேணாம்" என்று எழுதியிருப்பது அவர்.

மன்னிச்சிடுங்க அண்ணா.

நீங்க கெளம்புங்க. வால்வ நான் பாத்துக்கறேன்.