முதுகுப்பக்கத்து வார்

கணவர் இறந்து, மகனும் கனடாவுக்குப் போன பிறகு, மருந்துக்கடை வேலை முடிந்து லண்டன் டூட்டிங்கில் உள்ள வீட்டுக்கு வந்தால் மறுநாள் கடையில் வாய் திறக்கும்வரை ஒரு சொல்லும் பேசாத நாட்கள் எனக்கு இருந்தன.

வியாழக்கிழமைகளில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தேவாலய மண்டபத்தில் இரும்பு மோதும் சத்தம் கேட்கும். ஒரு மழை நாளில் ஒதுங்க உள்ளே போனேன். ஐரோப்பாவின் பழைய போர்முறைகளைப் பயிலும் குழு அது. பார்க்க வந்தீர்களா, பழக வந்தீர்களா என்று பயிற்சியாளர் கேட்டார். பழக என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வாள் என்றால் வெட்டுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். கவசம் அணிந்தவனை வாள் வெட்டாது. இரும்புக் கையுறை போட்ட இடக்கையால் வாள் அலகின் நடுவைப் பிடித்து, குட்டை ஈட்டிபோல், தகடு மூடாத அக்குள் இடுக்கில் குத்த வேண்டும். அதற்கு எதிராளியைக் கட்டிப்பிடித்து நிலத்தில் சாய்க்கத் தெரிய வேண்டும். என்னோடு பழகிய வெள்ளைக்கார இளம்பெண் முதல் தடவை என்னை இறுக்கிப் பிடித்தபோது, சொல்லித் தந்ததெல்லாம் மறந்துபோனது. கணவரின் செத்தவீட்டுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. நோகிறதா என்று பதறி விட்டுவிட்டாள். இல்லை, திரும்பப் பிடி என்றேன்.

கோடையில் கனடா போகக் காசு சேர்த்து வைத்திருந்தேன். மகன் அழைத்தான்.

"அம்மா, இந்த வருஷம் வேண்டாம். வீடு திருத்திக்கொண்டிருக்கிறம். நீங்கள் வந்து நிக்க அறையில்லை."

"ஓம் ராசா, அதுக்கென்ன."

அந்தக் காசைக் கவசம் செய்பவரிடம் கொடுத்தேன். உருக்குத் தகடு பெரிய விலை இல்லை. ஒருவருடைய உடம்புக்கேற்ப அதை அடித்து வளைக்கும் நேரத்துக்குத்தான் விலை. கையுறைகள் இன்னும் அதிகம், ஒவ்வொரு விரலுக்கும் சின்னச் சின்னத் தகடுகள் வேண்டும். விமானச்சீட்டுக் காசு மார்புத்தகட்டுக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. மற்றதெல்லாம் குழுவிடம் இரவல்.

தகடு வந்த அன்றே பஞ்சு வைத்துத் தைத்த சட்டைக்கு மேல் அதை மாட்டினேன். முதுகில் பூட்டும் வார் கைக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பிரான்ஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த பெண், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, இதென்ன கோலம்? சண்டைக்கோ போறியள்?"

"ஓம். பின்னால இந்த வாரை ஒருக்காப் பூட்டிவிடுங்கோ."

சிரித்துச் சிரித்துப் பூட்டிவிட்டு ஓடினாள். கண்ணாடியில் பார்த்து முடித்த பிறகுதான், கழற்றவும் அவள்தான் வேண்டும் என்று விளங்கியது. மாலைவரை இரும்போடே இருந்தேன். நின்றபடி தேத்தண்ணி குடித்தேன். மகன் வீடியோவில் அழைத்தான்; கமராவை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"ஏன் அம்மா முகம் தெரியேல்லை?"

"கமரா வேலை செய்யுதில்லை ராசா."

அவன் குளியலறைக்குப் பதிக்கப்போகும் ஓடுகளின் நிறத்தைப் பற்றிப் பேசினான். நல்ல நிறம் என்றேன்.

வேலை முடிந்து வந்த கையோடு பக்கத்து வீட்டுப் பெண் வாரைக் கழற்றினாள்.

"முதுகெல்லாம் வேர்த்துப்போச்சு. சாப்பிட்டனீங்களோ அக்கா?"

இல்லை என்றேன். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று நிற்காமல் போய்விட்டாள்.

அடுத்த வியாழன் அந்த இளம்பெண்ணோடு கவசத்தில் மோதினேன். அலகைப் பிடித்து அவளுடைய அக்குளுக்குக் குறிவைத்தேன். அவள் என் காலைத் தட்டி, மல்லாக்க விழுத்திவிட்டாள். எழும்பக் கை நீட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கிறேன் என்றேன். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.