ஊட்டி டாக்டரைப் பற்றி மானாம்பதியில் நடந்த விசாரணை

கொலைக்கதை எழுதுகிறவர் வீட்டுத் தோட்டத்தை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. காதல் கதை எழுதுகிறவள் வீட்டுக்கு மட்டும் ஊரே துப்பறிய வந்துவிடும். மானாம்பதி மலர்க்கொடிக்கு இது நாற்பதாவது வயதில்தான் தெரிந்தது.

இரண்டு வருடமாக அவள் செல்போனில் ஒரு தொடர்கதை எழுதிவந்தாள், புனைபெயரில். மாட்டுக்குத் தவிடு கலக்கி, மாமியார் செல்லாயிக்குச் சோறு போட்ட பிறகு, மத்தியானம் ஒரு மணி நேரம். கண்ணில் நீர் வழிய உருகி உருகி எழுதுகிறாள் என்று வாசகிகள் நம்பினார்கள். அவள் உருகவில்லை, கணக்குப் போட்டாள். மழையைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பெய்யவிடலாமா, பதினைந்து வரை இழுத்துப் பிடிக்கலாமா என்று. முத்தக்காட்சியை ஏழு முறை அழித்து எழுதியதில் அவளுக்கு மிஞ்சியது கழுத்துவலி.

கதாநாயகன் ஊட்டியில் மாட்டு டாக்டர். இடது புருவத்தில் வெட்டுத்தழும்பு.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அந்தக் கதைக்கு அடிமை. இன்னும் வெளிவராத அத்தியாயம் மலர்க்கொடியின் போனில் இருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டாள். பூரித்துப் போனாள். பூரிப்பில் நாலு பேரிடம் சொன்னாள்.

"ஆளப் பாக்காமயா புருவத்து வெட்டு வரைக்கும் எழுதிக்கீறா?" என்றது ஊர்.

ஊட்டியும் டாக்டரும் ஆளை மறைக்கப் போட்ட திரை, தழும்பு மட்டும் நிஜம் என்று முடிவானது. மாட்டோடு சம்பந்தமும் புருவத்தில் தழும்பும் சேர்ந்தாற்போல் இருந்தவன் ஒருவன்தான். பால் சொசைட்டியில் கருவி விட்டுப் பாலின் டிகிரி பார்க்கும் சாம்சன். ஏரிக்கு அந்தப்பக்கத் தெருக்காரன். எந்தத் தெரு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே குரல்கள் மாறின. இரண்டு மூன்று இளவட்டங்கள் பைக்கில் சவுக்குக்கட்டை வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள்.

கணவன் புருஷோத்தமன் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மேஸ்திரி. சேதி அங்கேயும் போய், "இன்னா டாக்டரே!" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு அவன்?"

"யாருமில்ல. நானா கட்டினது."

"கையப் புடிச்சா சில்லுன்னு கீதுன்னு எழுதிக்கீற. புடிக்காமயா தெரியும்?"

"ஊட்டிக்குந்தான் நான் போனதில்ல. அங்க குளுருதுன்னு எழுதலியா?"

நல்ல வாதம்தான். எடுபடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று செல்லாயி சொல்லிவிட்டாள். செய்யாவிட்டால் மலர்க்கொடி அம்மா வீட்டுக்கு. சாம்சனை இளவட்டங்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சத்தியத்துக்கு அவள் பயப்படவில்லை. சாம்சனோடு அவள் பேசிய பேச்செல்லாம் "டிகிரி கொறையுதுக்கா", "தண்ணி ஊத்தலப்பா" அவ்வளவுதான். ஆனால் கோயிலில், கணவனின் சித்தப்பா சேட்டு குறுக்கே வந்தார்.

"சாம்சன் இல்லன்னா வேற எவனோன்னு நாளைக்கு ஆவும். முழுசா சொல்லட்டும்."

தட்டில் கற்பூரம் எரிந்தது. வெளியே சவுக்குக்கட்டை பைக்குகள் நின்றன. மலர்க்கொடி சொன்னாள்:

"அந்தக் கதையில வர்ற மாதிரி எந்த ஆம்பளையும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. எந்த ஆம்பளையும் அப்பிடி என் கையப் புடிச்சதில்ல. இது சத்தியம்."

உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். புருஷோத்தமன் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான்.

பைக்குகள் கிளம்பிப் போயின. சாம்சன் பிழைத்தான். ஆனாலும் அந்த வாரமே தாமல் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். புருவத்தை எங்கே போய் மாற்றுவது?

ஊருக்குச் சந்தேகம் தீர்ந்து பரிதாபம் பிடித்துக்கொண்டது. "பாவம், ஒண்ணுமே அனுபவிக்காதவ. அதான் எழுதிக்கினு கீறா" என்றார்கள். அதனால்தான் எழுதுகிறாள் என்பதும் தப்புதான். இதை மறுக்க யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

சத்தியம் செய்த அன்று சாயங்காலம் புருஷோத்தமன் பக்கோடா வாங்கி வந்தான். ஜெயித்தவன் முகமாக இல்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"எந்த ஆம்பளையும்னியே."

"ஆமா."

"என்னயும் சேத்தா?"

அவள் காய்ந்த நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தாள். சுட்ட உள்ளங்கை உமி பட்டு எரிந்தது.

"சாமி முன்னாடி பொய் சொல்லுவாங்களா?"

பொட்டலத்தில் எண்ணெய் ஊறி ஊறித் தரையில் படிந்தது.

மறுநாள் மத்தியானம் போனை எடுத்தாள். டாக்டர் அந்த அத்தியாயத்தில் நாயகியிடம் ஒன்று சொல்லவேண்டும். நாலு வரி எழுதினாள். படித்துப் பார்த்தபோது, பக்கோடாவோடு உட்கார்ந்திருந்தவனின் முகம் வந்து நின்றது. அழித்தாள். திரும்ப எழுதினாள். திரும்பவும் அதே முகம். அந்த வாரம் அத்தியாயம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தாள்: "ஏன் மேடம் நிறுத்திட்டீங்க? உங்களுக்குக் காதல் தோல்வியா?"

இல்லை என்று பதில் அடித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.