கோணிக்கு அடியில் நாளிதழ்

பிள்ளைகளே, புத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு பேப்பர் கடைக்காரர் இருந்தார். ஒடிசலான ஆள், விரலெல்லாம் அச்சு மை. நாளிதழ், வார இதழ், மாத இதழ் என்று தனித்தனிக் கயிற்றில் தொங்கவிடுவார்.

ஒரு நாள் காலை நாளிதழ்க் கயிறு காலி. கட்டு மட்டும் கோணிக்கு அடியில் கிடந்தது.

"இன்னாண்ணா, பேப்பர் இல்லியா?" என்றேன்.

கோணியைத் தூக்கிக் காட்டினார். வடமாலபேட்டை அருகே லாரி கவிழ்ந்து ஓட்டுநர் பலி, பெயர் தெரியவில்லை என்று போட்டு, முகத்தை அச்சிட்டிருந்தார்கள்.

"டீக்கடை அக்கா புள்ள. அக்காவோட தம்பிக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கினு இருக்கான். அதுவரைக்கும் ஒண்ணுகூட விக்க மாட்டேன்" என்றார்.

அதற்குள் அந்த அக்காவே வந்துவிட்டார்.

"யப்பா, பேப்பர் குடு. நேத்து வரவேண்டிய புள்ள, போனும் எடுக்கல."

"இன்னும் வர்லக்கா. வாரப் பொஸ்தகம் வேணா எடுத்துக்கோ."

"அதுல சினிமாக்காரங்க சேதிதானே இருக்கும்? எனக்கு இன்னிக்கு சேதி வேணும். வர்ற வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்று அந்தக் கோணியின் மேலேயே உட்கார்ந்தார்.

கடைக்காரர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செய்தது சரியா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.